நுரை வந்ததா?

ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த முதல் வருடமே என் பூந்திக்கொட்டைச் சாறு மலேரியா ஒட்டுண்ணியை நூற்றுக்கு நூறு ஒழித்துவிட்டது. கருவி காட்டிய எண் அது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் லேபில் மனித ரத்தத்தின் சிவப்பணுக்களில் மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தை வளர்ப்போம். 1976-ல் டிரேகர், ஜென்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் காட்டிய வழி. ஜாடிக்குள் மெழுகுவர்த்தியை ஏற்றி மூடிவிட்டால், அது அணையும்போது ஆக்சிஜன் குறைந்து ஒட்டுண்ணிக்குத் தோதான காற்று மிஞ்சும். நாங்களும் மெழுகுவர்த்திக் கோஷ்டிதான். அந்தக் கல்ச்சரை 96 குழி பிளேட்டில் விட்டு, செடிச் சாறுகளைப் பல அளவுகளில் சேர்த்து, 37 டிகிரியில் இரண்டு நாள் வைப்போம். அப்புறம் அணுக்களை உடைக்கும் திரவத்தோடு, டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் சாயத்தையும் விடுவோம். முதிர்ந்த சிவப்பணுவில் டிஎன்ஏ கிடையாது. ஒளி வந்தால் அது ஒட்டுண்ணியுடையது. என் குழிகளில் ஒளியே இல்லை.

சீனியர் அக்கா எண்களைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சாயம் விடுறதுக்கு முன்னாடி பிளேட்டைத் தூக்கிப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. மறுபடி செய்தபோது பார்த்தேன். மற்ற குழிகளில் ரத்தம் அடியில் படிந்து, மேலே திரவம் தனியாக நின்றது. என் சாறு விட்ட குழிகள் மட்டும் மேலிருந்து அடிவரை ஒரே சிவப்பு. நன்னாரி சர்பத் மாதிரி, அடியில் வைத்த காகிதத்தின் எழுத்து தெரியும் அளவுக்குத் தெளிவு. சிவப்பணுக்களே உடைந்து கரைந்திருந்தன. குடியிருந்தவனைக் கொன்றதாக நினைத்திருந்தேன், வீட்டையே இடித்திருக்கிறேன்.

அக்கா மிச்சச் சாற்றை ஒரு குழாயில் விட்டுக் குலுக்கச் சொன்னார். பொங்கிக்கொண்டு நுரை. சபோனின்: சோப்பு மாதிரி நுரைத்து, சிவப்பணுவின் சவ்வை உடைக்கும் பொருள். பாட்டி பட்டுப்புடவை அலசியது அந்த நுரையில்தானே! இதில் பெரிய வெட்கம் வேறு: ஒட்டுண்ணியைச் சிவப்பணுவிலிருந்து வெளியே எடுப்பதற்கென்றே எங்கள் அலமாரியில் சபோனின் புட்டி இருக்கிறது. வாரம் இரண்டு முறை அதைத் திறந்தவன் நான்.

பிளேட்டில் ஒட்டுண்ணியைக் கொல்வது ஒரு கஷ்டமே இல்லை. சோப்புத் தண்ணீரே போதும். பத்திரிகையில் "மலேரியாவுக்கு மூலிகை மருந்து" என்று பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு முதலில் அந்த சர்பத் நிறம்தான் ஞாபகம் வருகிறது.

அடுத்த வருடம் வேறொரு இலை. ஒரு தடவை எடுத்த சாறு வேலை செய்தது, அடுத்த தடவை எடுத்தது சும்மா கிடந்தது. அவசரத்தில் இரண்டாவதைக் கொதிக்கும் வெந்நீர்த் தொட்டியில் வைத்து வற்றவிட்டிருந்தேன். அம்மாவிடம் புலம்பினால், "காய்ச்சினாத்தானே கஷாயம்?" என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் சீனாவில் விஞ்ஞானி து யூயூ சிக்கிக்கொண்டதும் இதே இடத்தில்தான். 1967-ல் தொடங்கிய ரகசிய மலேரியாத் திட்டத்தில், சிங்ஹாவோ செடியின் சாறு எலிகளில் ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. நான்காம் நூற்றாண்டு வைத்தியர் கெ ஹோங்கின் குறிப்பை மறுபடி படித்தார்: ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி. காய்ச்சு என்ற வார்த்தையே இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று, 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதர் திரவத்துக்கு மாறினார். 1971 அக்டோபரில் 191-ஆம் மாதிரி எலிகளின் ரத்தத்திலிருந்து ஒட்டுண்ணியை முழுதாக அகற்றியது. அதிலிருந்துதான் ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து, 2015-ல் நோபல்.

இதையெல்லாம் சொன்னதும் அம்மா தலையைத் தொட்டுக் காட்டி, "இந்த மரிக்கொழுந்தும் அந்த ஜாதியாமே?" என்றாள். அதே ஆர்ட்டிமிசியா பேரினம்தான், ஆனால் மருந்துக்குப் பயிரிடுவது வேறு செடி என்றேன். "அப்ப இது வாசனைக்கு மட்டுந்தானா" என்று கொஞ்சம் ஏமாந்துபோனாள். என் இலைக்கும் தொட்டியை 40 டிகிரிக்கு இறக்கினேன். வீரியம் திரும்பியது, பாதி மட்டும். மீதி எங்கே போனது என்று இன்றுவரை பிடிபடவில்லை.

போன மாதம் புது மாணவி ஒருத்தி ஓடிவந்தாள். "சார், நூறு சதவீதம்!" நான் ஒரு சோதனைக்குழாயை நீட்டினேன். குலுக்கினாள். நுரை வரவில்லை. பிளேட்டைத் தூக்கிப் பார்த்தோம். ரத்தம் ஒழுங்காக அடியில் படிந்திருந்தது. சரி, மறுபடி செய் என்றேன். இரண்டாவது பிளேட் இப்போது மெழுகுவர்த்தி ஜாடிக்குள் இருக்கிறது.