எஃப்9 அழுத்தியும் மாறாத செல்

எக்செல்லில் நாமே எழுதிய ஃபங்ஷன் பழைய விடையையே காட்டுகிறது என்று யாராவது கூப்பிட்டால், ஃபார்முலாவின் அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

அப்படி வந்த ஒரு ஊக்கத்தொகைக் கோப்பு. ஃபங்ஷனுக்கு விற்பனைத் தொகை மட்டும் ஆர்குமென்டாக, அதாவது அடைப்புக்குறிக்குள் கொடுக்கும் உள்ளீடாகப் போனது. சதவீதத்தை அது கோடுக்குள்ளிருந்தே, அதாவது ஃபங்ஷனை எழுதிய நிரலுக்குள்ளிருந்தே, ரேஞ்ச்("பி1") என்று பி1 செல்லைப் படித்து எடுத்துக்கொண்டது. பி1-இல் 5-ஐ 7 ஆக்கினால் ஒரு செல்லும் அசையவில்லை. மறுபடி கணக்கிடச் சொல்லும் எஃப்9 விசையை அழுத்தினாலும் அப்படியே. விற்பனைத் தொகையைத் திருத்திய வரிசைகள் மட்டும் 7-க்கு வந்தன, மற்றவை 5-லேயே நின்றன. பிழைச்செய்தி எதுவும் வராததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. இந்த வகைப் பிழையில் எனக்குப் பெரிய கவலையே அதுதான்.

எக்செல் நம் கோடைப் படித்துப் பார்ப்பதில்லை. ஃபார்முலாவில் குறிப்பிட்ட செல் மாறினால்தான் ஃபங்ஷனை மறுபடி ஓட்டும். பி1 அங்கே இல்லை, அதனால் அது மாறியது எக்செல்லுக்குப் பொருட்டே இல்லை.

இதற்குப் பலரும் சொல்லும் மருந்து அப்ளிகேஷன்.வாலடைல்: ஒவ்வொரு கணக்கீட்டிலும் ஃபங்ஷனை ஓட்டச் சொல்லி கோடில் சேர்க்கும் ஒரு வரி. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கோ ஒரு செல்லைத் தொட்டாலும் எல்லா வரிசையும் திரும்ப ஓடும், பெரிய கோப்பு தவழ ஆரம்பித்துவிடும். இந்தக் கோப்பில் அந்த வரியைச் சேர்த்துப் பார்த்தபோது நிலைமை இன்னும் மோசமானது. ஷீட் பெயர் சொல்லாத ரேஞ்ச், அப்போது திரையில் எந்த ஷீட் இருக்கிறதோ அதிலிருந்து எடுக்கும். வருகைப்பதிவு ஷீட்டில் எதையோ தட்டியதும், அங்கே பி1-இல் இருந்த வேலை நாள் எண்ணிக்கை 26, சதவீதமாகிவிட்டது!

சரிசெய்தது எளிது: $பி$1-ஐ இரண்டாவது ஆர்குமென்டாகக் கொடுத்தோம். கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. எஃப்9-க்கு மாறாத விடை, எல்லா ஃபார்முலாவையும் கட்டாயமாகத் திரும்ப ஓட்டும் கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்9-க்கு மாறினால், ஃபங்ஷன் எதையோ ஃபார்முலாவுக்குத் தெரியாமல் படிக்கிறது என்று சந்தேகிக்கலாம். செல்லின் நிறத்தை வைத்துக் கூட்டும் ஃபங்ஷன்கள் தனி ரகம். நிறம் மாற்றுவதை எக்செல் கணக்கில் சேர்ப்பதே இல்லை, அதனால் நிறத்துக்குப் பதில் பக்கத்தில் ஒரு குறியீட்டுப் பத்தி வைக்கச் சொல்லிவிடுவேன்.

திருத்துவதற்கு முன் பழைய விடைகளை வெறும் எண்களாக வேறொரு ஷீட்டில் ஒட்டி வைத்திருந்தோம். புது விடையோடு ஒத்துப்போகாத வரிசைகளைப் பிரித்தெடுத்து, குறைவாகப் பணம் போனவர்களின் பட்டியலைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினோம்.