வாத்தியாரின் தோளுக்குப் பின்னால் ஒரு போன்

பிப்ரவரி 3, 2025, ரோஸ்ஹில், மொரீஷியஸ்

மிருதங்க வகுப்பு இன்றும் இழுபறிதான். தஞ்சாவூரில் மாலை ஏழு என்றால் இங்கே ஐந்தரை. பையன் பள்ளிவிட்டு வந்த கையோடு உட்கார்ந்துவிடுகிறான். திரையில் வாத்தியார் எதிரே இருந்து த, தி, தொம், நம் என்ற அடிப்படைச் சொற்களை வாசிக்கிறார், அவருடைய வலந்தலை (வலக்கையால் வாசிக்கும் பக்கம்) இவனுக்கு இடப்பக்கம் தெரிகிறது, கண் அங்கே போய் ஒரு கணம் நின்று, அப்புறம்தான் கை எழுகிறது. "காலப்பிரமாணம் ஓடிப்போச்சே தம்பி" என்கிறார் அவர், வேகம் சீராக இல்லை என்று.

பிப்ரவரி 5

இன்று விரலை மட்டும் கவனித்தேன். 'நம்' வர மோதிர விரல் கரணை (நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) ஓரத்தில் லேசாகப் பட்டிருக்க, ஆள்காட்டி விரல் மீட்டில், அதாவது வெளி விளிம்புத் தோலில், விழ வேண்டும். இவன் அடிப்பதெல்லாம் சரியான இடத்தில், ஆனால் மோதிர விரல் அந்தரத்தில். குழந்தைகள் இப்படித்தானாம். 2000இல் பெக்கரிங் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள்: எதிரே இருப்பவர் வலக்கையைக் குறுக்கே கொண்டுபோய் இடக்காதைத் தொட்டால், பிள்ளைகள் சரியான காதையே தொடுவார்கள், ஆனால் பல தடவை பக்கத்தில் இருக்கும் கையால். எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது மனதில் ஏறுகிறது, எந்தக் கை என்பது நழுவிவிடுகிறது. எங்கள் வீட்டில் நழுவுவது மோதிர விரல்.

பிப்ரவரி 7

பையன் தூங்கிய பிறகு நெடுநேரம் படித்தேன். ஜாக்சன், மெல்ட்சாஃப், டெசெட்டி மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் விஷயத்துக்கே எழுதியது போல இருக்கிறது. ஸ்கேனுக்குள் படுத்திருப்பவர்களுக்குக் கை, கால் அசைவுகளை வீடியோவில் காட்டுகிறார்கள், சில தன் கண்ணால் தன் கையைப் பார்ப்பது போல, சில எதிரே ஒருவர் இருப்பது போல. சில நேரம் சும்மா பார்க்க வேண்டும், சில நேரம் அப்படியே செய்ய வேண்டும். தன் கோணத்தில் பார்த்தால் சீக்கிரம் செய்யத் தொடங்குகிறார்கள். மூளையின் இடப்பக்கம் தொடுவுணர்வையும் அசைவையும் கவனிக்கும் புறணி அப்போது கூடுதலாக வேலை செய்கிறது, வெறுமனே பார்க்கும்போதுகூட! எதிர்க்கோணத்தில் பார்த்தால், பின்மண்டையில் பார்வை சம்பந்தமான லிங்குவல் ஜைரஸ் என்ற பகுதி கூடுதலாக இயங்குகிறது. பார்த்ததை உள்ளே திருப்பிப்போடும் கூடுதல் வேலை இருக்கிறது என்பது அவர்கள் விளக்கம். பையனின் கை அந்த ஒரு கணம் நிற்பது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது. சோம்பல் என்று திட்டுவதை இனி நிறுத்தலாம்.

பிப்ரவரி 9

கேட்டே விட்டேன். "சார், போனைக் கொஞ்சம் உங்க தோளுக்குப் பின்னாடி வைக்க முடியுமா?"

"என் வழுக்கையைப் பார்த்தா கத்துக்கப் போறான்?" என்று சிரித்தார். ஆனாலும் உயரமான ஸ்டூல் ஒன்றைப் போட்டு, போனைச் சாய்த்து வைத்துவிட்டார். இப்போது அவர் வலக்கை இவனுக்கும் வலப்பக்கம், மோதிர விரல் கரணையில் படிவதும் மேலிருந்து தெரிகிறது. 'நம்' உடனே சுத்தமாகிவிடவில்லை, ஆனால் தயக்கம் போயிற்று.

பிப்ரவரி 11

காவடி. வகுப்பு இல்லை.

பிப்ரவரி 13

பார்த்துக் கற்பதற்கெல்லாம் கண்ணாடி நரம்பணுக்கள்தான் (ஒன்றைத் தானே செய்தாலும், பிறர் செய்வதைப் பார்த்தாலும் துடிக்கும் மூளை அணுக்கள்) காரணம் என்று இணையத்தில் அடித்துவிடுபவர்கள், குரங்குகளை வைத்து கஜியானோ குழுவினர் 2011இல் வெளியிட்டதைப் பார்க்கலாம். அந்த அணுக்களில் ஏறக்குறைய முக்கால்வாசிக்குக் கோணம் முக்கியம், ஆனால் எல்லாமே தன் கோணத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, எதிரே இருந்து பார்த்தால் கூடுதலாகத் துடிப்பவையும் உண்டு. எதிரே உட்கார்வது வீண் என்று சொல்ல முடியாது. குறிப்பாக, போன் முதுகுக்குப் பின்னால் இருந்து வாத்தியாருக்கு இவன் கை தெரியாவிட்டால் யார் திருத்துவது?

பையனுக்கு வேறு குறை. பின்னாலிருந்து பார்த்தால் சார் வாய் தெரியவில்லையாம், அவர் வாயால் சொல்லும் சொற்கட்டு எங்கே தொடங்குகிறது என்று புரியவில்லையாம். நியாயம்தான். புதுப் பாடம் எடுக்கும்போது தோளுக்குப் பின்னால் இருந்தும், பையன் வாசித்துக் காட்டும்போது நேருக்கு நேர் என்றும் பேசி வைத்திருக்கிறோம். வாத்தியார் மகள் தன் பழைய போனைத் தருகிறேன் என்றிருக்கிறாள், அதுவும் வந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடலாம்.