கடைசி போல்ட்டும் கழன்றது: எம்எக்ஸ்-5 சஸ்பென்ஷன் வேலை, இதுவரை

இடது பின்சக்கரத்தில் நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்கும் பகுதி) லோயர் ஆர்மையும் (அதை வண்டியோடு பிணைக்கும் கீழ்க்கை) இணைக்கும் நீண்ட போல்ட் ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 (இருவர் அமரும், மடக்குக்கூரை கொண்ட சிறிய கார்) வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும். அது எந்த போல்ட், அதற்கு ஏன் இத்தனை மகிழ்ச்சி என்று நான் விளக்க வேண்டியதில்லை. நான்கு மூலைகளிலும் ஆர்ம்களின் மூட்டுகளில் அமரும் பழைய ரப்பர் புஷ்கள் நீங்கிவிட்டன, புதியவை ஏறிவிட்டன, இனி இறுக்கும் வேலையும் சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டும்தான் மிச்சம்.

இந்த வண்டியை நான் அன்றாடம் ஓட்டுகிறேன். பந்தயத் தடத்திற்குக் கொண்டு செல்லும் எண்ணம் இல்லை. 1.6 லிட்டர் இன்ஜின் தரும் ஏறத்தாழ 115 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைவான எடைக்குத் தாராளமாகப் போதும் என்பது என் உறுதியான கருத்து. டர்போ பொருத்துவதைப் பற்றிப் பேசுவோர் பலர். ஆனால் புஷ் எல்லாம் வெடித்து, ஷாக் அப்சார்பர் செத்துப்போன ஒரு வண்டியில் கூடுதல் சக்தியால் கிடைக்கும் இன்பம் மிகக் குறைவு. முன்னும் பின்னும் இரட்டை விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்திற்கும் மேலும் கீழும் ஓர் ஆர்ம்) கொடுத்து, எடையை இரு அச்சுகளுக்கும் ஏறக்குறைய சரிபாதியாகப் பகிர்ந்து வடிவமைத்த வண்டி இது. அந்த வடிவமைப்பு தன் வேலையைச் செய்ய விடுவதே முதல் மேம்பாடு.

இப்போது போல்ட்டுக்கு வருகிறேன். துரு பிடித்த போல்ட் என்றால் நட் கழலாமல் அடம்பிடிக்கும் என்று பலர் நினைப்பார்கள், ஆனால் இங்கே நட் எளிதாகவே கழன்றுவிடும். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது: போல்ட்டின் உடல், புஷ்ஷின் உள்ளிருக்கும் இரும்புக் குழாயான ஸ்லீவோடு துருவால் ஒன்றிப்போயிருக்கும். ரெஞ்ச் போட்டுத் திருப்பினால் போல்ட் சற்றே திரும்புவது போலத் தோன்றும். கையை விட்டதும் பழைய இடத்திற்கே திரும்பி வரும். அப்படி வந்தால் போல்ட்டோடு சேர்ந்து ஸ்லீவும் சுழன்று, ரப்பர் முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். அந்த அறிகுறியைக் கண்டபின் நீளமான கைப்பிடி போட்டு வலுக்கட்டாயமாகத் திருப்புவதில் பயனில்லை. சப்ஃபிரேமில் (ஆர்ம்களைத் தாங்கும் சட்டம்) அமரும் கேம் போல்ட்களிலும் (திருப்பினால் ஆர்மின் இடத்தை நகர்த்தும் போல்ட்கள்) இதே கதைதான். அவை ஒட்டிக்கொண்டால் கேம்பர் (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்), டோ (சக்கரங்களின் முன்முனை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) எதையும் மாற்ற முடியாது. அலைன்மென்ட் செய்யும் இடத்தில் "சரிசெய்ய இயலவில்லை" என்று தாளில் எழுதித் தருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

துரு இளக்கும் எண்ணெயைப் பல நாட்கள் காலையும் மாலையும் விட்டேன். அது ஸ்லீவின் இரு முனைகளிலும் சிறிதளவே உள்ளே செல்கிறது. நடுப்பகுதிக்கு எட்டுவதே இல்லை. சூடாக்கினால் இளகும் என்பது உண்மைதான். ஆயினும் பெட்ரோல் டாங்க் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு மிக அருகில் அமர்ந்திருக்கும் வண்டியில், பின்பக்கம் தீயைக் கொண்டு செல்ல நான் ஒருபோதும் உடன்படமாட்டேன். எஞ்சியது அறுக்கும் வழி. முன்பின் அசையும் மின் ரம்பத்தில் உலோகம் அறுக்கும் நீண்ட பிளேடைப் பொருத்தி, புஷ்ஷின் முகத்திற்கும் பிராக்கெட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் நுழைத்து, வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டுக்கொண்டே அறுத்தேன். இருபுறமும் அறுபட்டதும் ஆர்ம் தானாக இறங்கியது. பிராக்கெட்டில் ஒரு கீறல்கூட இல்லை என்பதில் எனக்கு மிகுந்த பெருமை. புதிய போல்ட்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்குவதுதான் அறிவுடைமை.

புஷ் தேர்வைப் பற்றிச் சில சொற்கள். பாலியூரித்தேன் போட்டால் திருப்பம் கூர்மையாகும் என்பார்கள், ஓரளவு உண்மை. ஆனால் அதில் ஸ்லீவ் புஷ்ஷுக்குள் வழுக்கிச் சுழல வேண்டும், அதற்குரிய கிரீஸ் வற்றினால் கீச்சிடும். நாள்தோறும் மழையிலும் தூசியிலும் ஓடும் வண்டிக்கு நல்ல ரப்பரே உகந்தது என்று முடிவு செய்தேன். ஒரு விற்பனையாளர் அனுப்பிய முதல் தொகுப்பில் இரண்டு புஷ்களின் வெளி விட்டம் மற்றவற்றைவிடக் குறைவாக இருந்ததை வெர்னியர் அளவுகோல் காட்டிக்கொடுத்தது. ஆர்மில் தளர்வாக அமரும் புஷ் வேலைக்கு ஆகாது. திருப்பி அனுப்பி மாற்றிப் பெறுவதற்கு ஏற்பட்ட தாமதம் இன்னும் எரிச்சலூட்டுகிறது. வாங்குகிறவர்கள் ஒவ்வொன்றையும் அளந்த பிறகே ஆர்மில் அழுத்திப் பொருத்தத் தொடங்குங்கள்.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப்படும் கட்டம். ரப்பர் புஷ்ஷில் எதுவும் சுழல்வதில்லை. உள் ஸ்லீவ் பிராக்கெட்டில் இறுகி நிற்கும், வெளிக்கூடு ஆர்மில் இறுகி நிற்கும், இடையிலுள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு அசைவுக்கு இடம் தருகிறது. எனவே சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்குண்டே இருக்கும்: வண்டியின் உயரம் கூடும், சவாரி விறைக்கும், புது ரப்பர் விரைவில் கிழியும். இதைத் தவிர்க்க, ஸ்பிரிங்கைப் பொருத்துவதற்கு முன்பே, ஆர்மை வெறுமையாக வைத்து, ஹப்பின் அடியில் ஜாக் கொடுத்து உயர்த்துகிறேன். ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளவுகோலைப் பிடித்து, வண்டி தரையில் நிற்கும்போது இருக்கவேண்டிய உயரம் வந்ததும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குகிறேன். கேம் போல்ட்களை மட்டும் மிதமாக நிறுத்திவைக்கிறேன். அவற்றின் இறுதி இறுக்கம் அலைன்மென்ட் மேடையில், சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கையில் நடக்க வேண்டும். வலப்பக்கம் இரண்டு மூலைகள் இவ்வாறு முடிந்திருக்கின்றன. ஜாக்கை இறக்கும்போது ஆர்ம் தொங்க மறுத்து, ரப்பரின் விறைப்பால் அந்த உயரத்திலேயே நிற்பதைக் காண்பது மனநிறைவைத் தருகிறது.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் உயரத்தைக் குறைக்க நான் விரும்பவில்லை. இந்த வண்டியில் சஸ்பென்ஷன் பயணம் ஏற்கெனவே குறைவு. சற்றுத் தாழ்த்தினாலே ஒவ்வொரு குழியிலும் பம்ப் ஸ்டாப்பில் (பயணத்தின் எல்லையில் தடுக்கும் மெத்தை) போய் இடிக்கும், அதைத்தான் பலர் "ஸ்போர்ட்டியான விறைப்பு" என்று பாராட்டுகிறார்கள். 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறையின் மேல் மவுன்ட்கள் (ஷாக் அப்சார்பரின் மேல்முனையை உடலோடு இணைப்பவை) முதல் தலைமுறையிலும் அமரும், கூடுதலாகக் கொஞ்சம் பயணத்தைத் தரும். அவற்றையும் புதிய பம்ப் ஸ்டாப்களையும் சேர்த்தே வாங்கினேன். நிலையான கூரையில்லாத உடல் என்பதால், மேடுபள்ளத்தில் முன்கண்ணாடிச் சட்டம் நடுங்குவதும் இந்த இடிப்பு குறைந்தால் பெருமளவு அடங்கும் என்று எதிர்பார்க்கிறேன். அடிப்பகுதிக்கு வலுச்சட்டம் வேண்டுமா என்பதை அதன்பிறகு பார்க்கலாம்.

புஷ்களுக்காகக் காத்திருந்த நாட்களில் கியர் லிவரைக் கழற்றினேன். ஐந்து கியர் பெட்டியில் லிவரின் அடியிலுள்ள கிண்ணத்திற்குத் தனி எண்ணெய் உண்டு. அது பெரும்பாலும் வற்றிக் கிடக்கும். கீழ் ரப்பர் உறை கிழிந்திருந்தால் வெப்பமும் இரைச்சலும் நேரே உள்ளே வரும். நைலான் புஷ், உறை, கொஞ்சம் 75டபிள்யூ-90 எண்ணெய் ஆகிய மூன்றும் மாறியதும் கியர் விழும் உணர்வு அடியோடு மாறிவிட்டது. செலவிட்ட உழைப்புக்கு இதைவிடப் பெரிய பலன் தரும் வேலை இந்த வண்டியில் வேறு இல்லை.

சக்கரங்களைப் பொறுத்தவரை 185/60ஆர்14 டயர் அளவையே வைத்திருக்கிறேன். 195/50ஆர்15 போட்டாலும் மொத்த விட்டம் ஏறத்தாழ அதே 577 மி.மீ.தான் என்பதால் ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டாது. ஆனால் டயரின் பக்கச்சுவர் 111 மி.மீ.யிலிருந்து 98 மி.மீ.க்கு இறங்குகிறது. குழியின் அதிர்ச்சியை முதலில் வாங்குவது அந்தப் பக்கச்சுவர்தான், அதை இழக்க எனக்கு மனமில்லை.

அடுத்து மடக்குக்கூரையின் வடிகால் துளைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள அவை இலைதழையால் அடைபட்டால், தண்ணீர் கம்பளத்திலும் கதவடித் தகட்டிலும் தேங்கி உள்ளிருந்தே துருவேற்றும். அதற்கு முன் இடப்பக்க மூலைகளை இறுக்கி, ரப்பர் படிய வண்டியைச் சில நாட்கள் நிதானமாக ஓட்டி, பிறகு அலைன்மென்ட்டுக்குச் செல்கிறேன். கேட்கப்போகும் அளவுகள் இவை: முன்பக்கம் கேம்பர் எதிர்மறை 1 டிகிரி, கேஸ்டர் (திருப்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) 5 டிகிரிக்கு அருகில், இருபுறமும் சமமாக, பின்பக்கம் கேம்பர் எதிர்மறை 1.5 டிகிரி, மொத்த டோ உள்நோக்கி 3 மி.மீ. அளவீட்டின்போது ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு நிகரான மூட்டைகளை ஏற்றச் சொல்வேன். இவ்வளவு இலேசான வண்டியில் ஓர் ஆளின் எடை அந்த எண்களை மாற்றிவிடும்.