ஒன்பது வளைவுப் பாலத்தில் அம்மாவோடு ஒரு காலை

இலங்கை மலையகத்தில் எல்லவுக்கு அருகே இருக்கிற ஒன்பது வளைவு ரயில் பாலத்துக்கு விடியுமுன் போய்விட்டால் ஆளிருக்காது என்று நினைத்திருந்தேன். பண்டாரவளையிலிருந்து இருட்டோடு இருட்டாகக் கிளம்பி, எல்லவில் த்ரீவீலர் பிடித்து, கடைசித் துண்டை டோர்ச் வெளிச்சத்தில் நடந்து போனால், தேயிலைச் சரிவில் ஏற்கெனவே இருபது பேராவது கேமரா முக்காலியோடு நிற்கிறார்கள்.

அம்மாவும் வந்திருந்தார். அவர் பிறந்தது தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். சின்ன வயதில் மழை நாட்களில் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு இந்தப் பாலத்தின் மேல்தான் எல்லக் கடைக்கு நடப்பார்களாம். "இத்தன பேரும் இதப் பாக்கவா வந்திருக்காங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பண்டாரவளைக்கு 1894இலேயே வந்துவிட்ட ரயில், பதுளை போய்ச் சேர 1924 ஆகிவிட்டது. இடையில் கிடக்கிற மலையைப் பார்த்தால் ஏன் என்று புரியும். அந்தப் பாதையில் 1921இல் கட்டி முடித்த பாலம் இது. ஏறத்தாழ 24 மீட்டர் உயரம், 91 மீட்டர் நீளம், அதிலும் வளைந்து போகிறது. அந்த வளைவுதான் படத்துக்கு உயிர்.

வெளிச்சம் வர வர ஆட்களும் கூடினார்கள். நீளமான சிவப்பு கவுன் போட்ட பெண்ணொருத்தி தண்டவாளத்தின் நடுவில் நிற்க, தோழி கவுனின் வாலைத் தூக்கி வீசிக்கொண்டே இருந்தாள். முக்காலியை அசைக்காமல் இருபது படம் எடுத்து, பிறகு கணினியில் சேர்த்து ஆட்களை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். அது நடமாடும் கூட்டத்துக்குத்தான் சரிவரும். ஒரே இடத்தில் பத்து நிமிடம் போஸ் கொடுப்பவர் அந்த முறையில் அழியமாட்டார். ஹோர்ன் சத்தம் கேட்டது, நீல ரயில் வந்தது, எல்லாக் கைகளும் போனோடு மேலே போயின. எனக்குக் கிடைத்தது யாரோ ஒருவருடைய முழங்கை.

அம்மா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற பையனின் முக்காலிக் கால் ஒரு தேயிலைச் செடியின் நடுவில் இறங்கியிருந்தது. "தம்பி, கவ்வாத்து வெட்டி ஆறு மாசம்கூட ஆகியிருக்காது. இப்பதான் துளிர்க்குது, கால எடுங்கப்பா" என்றார். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவர் கை காட்டியது புரிந்தது. எடுத்துவிட்டான். அமெரிக்காவில் ஆன்டலோப் கேன்யன் என்று பாலைவனத்துப் பாறை இடுக்கு ஒன்று இருக்கிறது, உலகமே படம் எடுக்கிற இடம். அங்கே நவாஹோ மக்களின் வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. இந்தச் சரிவுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும், அந்த வேலை இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

"வா, கீழ போவோம். ஓடைப் பக்கமா ஒரு பாதை இருக்கு" என்று அம்மா முன்னால் இறங்கினார்.

கீழே ஒருவரும் இல்லை. இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சிமெந்தும் வைத்துக் கட்டியது என்று சொல்வார்கள். தூணுக்கு அருகில் போனால் கட்டுகளின் இடுக்கில் பன்னம் (பெரணி) முளைத்திருக்கிறது. சுண்ணாம்பு வெள்ளைக் கோடாக வழிந்து உறைந்திருக்கிறது. அதற்குக் கீழே பாசி, விரல் வைத்தால் ஈரம். வளைவுக்குள்ளே இருட்டு, அதற்கு அப்பால் வெள்ளை வானம். இரண்டையும் ஒரே படத்தில் பிடிப்பது கஷ்டம். பனிமூட்டம் வானத்தை மங்க வைக்கும்வரை காத்திருந்து, கல்லுக்கு ஏற்றபடி கேமராவில் வெளிச்ச அளவு வைத்து எடுத்தேன். கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உள்ளே சாயும், அதனால் ஓடைவரை பின்னால் போய் நேராகப் பிடித்தேன்.

அடுத்த ரயில் தலைக்கு மேலே போனது. மேலிருந்து நான்கைந்து சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அம்மா தூணில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். "அதிருது, தொட்டுப் பாரு" என்றார். அந்த நேரத்தில்தான் எடுத்தேன்: கல், பாசி, அம்மாவின் கை. ரயில் படத்தில் இல்லை.

அன்று இரவே பெரியம்மாவுக்கு அனுப்பினோம். உடனே போன் எடுத்தார்.

"ஓடையில தண்ணி வருதா?"

"வருதுக்கா. கொஞ்சமாத்தான்."