குப்பையில் மீண்ட பொன்: ஹட்டனில் ஒரு காட்சிக்கான திட்டம்

இலங்கையின் மலையக நகரான ஹட்டனில் நாங்கள் வடிவமைத்துவரும் சிறு கண்காட்சி, கழிவிலிருந்து மீட்கப்படும் பொன்னையும் வெள்ளியையும் பற்றியது. டோக்கியோ 2020 ஒலிம்பிக் பதக்கங்களுக்காக, 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை, ஜப்பானிய மக்கள் உள்ளூராட்சி அமைப்புகள் வழியாக ஏறத்தாழ 79,000 தொன் பழைய மின்சாதனங்களையும், விற்பனை நிலையங்கள் வழியாக ஏறத்தாழ 62 இலட்சம் கைத்தொலைபேசிகளையும் கையளித்தார்கள். பிரித்தெடுத்தபோது கிடைத்த பொன் சுமார் 32 கிலோ, வெள்ளி சுமார் 3,500 கிலோ. இந்த விகிதத்தைப் பார்வையாளர் கண்ணாலேயே உணர வேண்டும் என்பதால், முதல் அறையில் குன்றிமணியளவு பொன்கூட வைக்காமல், கழற்றிய மின்சுற்றுப் பலகைகளை மட்டுமே குவித்துவைக்க விரும்புகிறேன்.

இரண்டாம் அறை நமக்கு நெருக்கமானது. நகைப்பட்டறையின் தரைத்தூசியைக் கூட்டி, நீரில் அரித்து, பாதரசத்தோடு பொன்துகளைச் சேரவைத்து, பின்னர் சூடாக்கிப் பொன்னைப் பிரிக்கும் தொழில் மிகப் பழையது. சூடாக்கும்போது எழும் பாதரச ஆவி நரம்புகளையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. ஆகவே பொற்கட்டியைவிட அரிப்புத் தட்டுக்கும், அதைப் பிடித்த தொழிலாளியின் வாழ்வுக்கும் பெரிய காட்சிப் பேழையைத் தர வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

மலையகத்தின் ஈரப்பதம் தனிக் கவலை. பொன் மங்காது; வெள்ளியும் செம்பும் நிறம் மங்கிக் கறுக்கும். எனவே பேழைகளைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்து, மழைக்காலத்தில் அதை அடிக்கடி மாற்ற ஏற்பாடு செய்கிறோம். விளக்கப் பலகைகள் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளின் கண்ணுயரத்தில் அமையும். பழுதான கைத்தொலைபேசிகளையோ வானொலிகளையோ வீட்டில் வைத்திருப்போர் காட்சிக்குத் தந்துதவுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.