லித்தியம் சாப்பிடுபவர் பொது வார்டுக்கு வந்தால்

"மனநோய்க்கு மருந்து எடுக்கிறவர்தானே, அப்படித்தான் உளறுவார்." பொது வார்டில் அதிகம் ஆபத்தை வரவழைக்கும் வாக்கியம் இதுதான்.

இருமுனை மனநிலை நோய்க்கு (பைபோலார்) லித்தியம் எடுப்பவர் இரண்டு நாள் வாந்தி, வயிற்றுப்போக்கோடு வருகிறார். கை உதறுகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. பழைய நோய் திரும்பிவிட்டது என்று தூக்க ஊசி போட்டுவிடாதீர்கள். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். மருந்து நஞ்சாவது அப்படித்தான்.

லித்தியத்தை நிறுத்திவிட்டு, அதன் ரத்த அளவு, கிரியாட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் அளவு), சோடியம், ஈசிஜி பாருங்கள். வழக்கமான சோதனைக்குக் கடைசி மாத்திரையிலிருந்து 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். நஞ்சு என்று சந்தேகம் வந்தால் காத்திருக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் சேர்த்த குழாயில் எடுத்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும் (இதைக் கவனிக்காமல் குழம்புவதுண்டு). ரத்தத்தில் லித்தியம் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை சரி, 1.5 தாண்டினால் ஆபத்து. பல வருடம் சாப்பிட்டவருக்கு அதற்குக் கீழேயே நஞ்சு அறிகுறி வரலாம். எண்ணை மட்டும் நம்பாமல் ஆளைப் பாருங்கள்.

வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம்; பாராசிட்டமால் போதும். ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில், தயசைடு மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும்.

மனச்சிதைவு நோய்க்கான குளோசபின் மாத்திரையின் கதை வேறு. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸை அப்படியே கொடுக்கக் கூடாது. 12.5 மி.கி.யிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். தினமும் மலம் போனதா என்று கேளுங்கள், இந்த மருந்தால் குடல் அடைத்து உயிரே போகலாம். வார்டில் சிகரெட் நின்றாலும் ரத்தத்தில் குளோசபின் ஏறும்.