விளக்கை அணைக்கவா

மார்ச் 3, செவ்வாய்

இடது மார்பில் சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி முடிந்தது. ஊசி உள்ளே போகும்போது ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். நான்கு தடவை. ரிப்போர்ட் வர ஏழு வேலை நாள் ஆகுமாம்.

மார்ச் 5, வியாழன்

இரண்டு நாளைக்குக் கனமாக எதையும் தூக்க வேண்டாம் என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த விஷயத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. யார் கேட்பது?

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு நான்தான் ஆரம்பித்தேன். "விளக்கை அணைக்கவா?" பன்னிரண்டு வருஷமாக எங்களுக்குள் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். இவன் என்னைப் பார்த்த பார்வையில் 'இப்பவா?' என்பது இருந்தது. வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

இடது பக்கம் எதுவும் பட்டுவிடக் கூடாது என்று கடைசி வரை ஒரு கையை ஊன்றியே இருந்தான். அந்தக் கை நடுங்கியது. எனக்கு அதெல்லாம் அப்போது பெரிதாகப் படவில்லை. பத்து நிமிஷம் தலைக்குள் சத்தமே இல்லை. அந்த ஸ்டேப்ளர் சத்தம்கூட. அப்புறம் ஐந்து மணி நேரம் அடித்துப் போட்டது மாதிரித் தூங்கினேன்.

மார்ச் 6, வெள்ளி

இன்றும்.

இந்த நோட்டின் ஓரத்தில் நேற்றைக்கு ஒரு புள்ளி, இன்றைக்கு ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். சும்மா.

மார்ச் 7, சனி

தூக்கம் ஏன் வருகிறது என்று தேடிப் படித்தேன். ரிப்போர்ட்டைப் பற்றித் தேட மாட்டேன் என்று இவனிடம் சத்தியம் செய்திருக்கிறேன், இதைத் தேடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

உச்சத்தில் ரத்தத்தில் ஆக்ஸிடோசின் என்கிற ஹார்மோன் ஏறுகிறது, முடிந்த கையோடு புரோலாக்டின் என்கிற இன்னொன்று ஏறுகிறது. ஆக்ஸிடோசின் என்பது ஒன்பது அமினோ அமிலம் கோத்த சின்னச் சரடு. அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியதற்காக வின்சென்ட் டு விக்னோ என்பவருக்கு 1955-இல் வேதியியல் நோபல் கொடுத்திருக்கிறார்கள். பிரசவத்தில் கருப்பையைச் சுருக்குவதும் இதுதான். சரி. ஆனால் நான் நின்றுபோன இடம் வேறு. தாய்ப்பாலைச் சுரக்க வைப்பது புரோலாக்டின், அதை இறங்க வைப்பது ஆக்ஸிடோசின். எந்த இடத்தைத் தொட இவன் பயப்படுகிறானோ அந்த இடத்துக்கென்றே வேலை பார்க்கிற ஜோடி அது. என்னைத் தூங்க வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டாம்.

சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான்.

மார்ச் 8, ஞாயிறு

காயம் ஊதாவிலிருந்து பச்சைக்கு வந்திருக்கிறது. நடுவில் ஊசி போன இடம் மட்டும் கறுப்பு.

புள்ளி. இரண்டு.

மார்ச் 9, திங்கள்

"ஒண்ணும் இருக்காது." இன்றைக்கு ஆறு தடவை சொன்னான். எண்ணினேன். ஏழாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது நான் விளக்கை அணைத்துவிட்டேன். அவன் வாயை அடைக்கத்தான் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

முடியவில்லை, அவனுக்கு. "ஸாரி மா" என்றான். "பரவாயில்லடா" என்றேன். ஆனால் மனதுக்குள் கோபம், அசிங்கமான கோபம். தண்ணீர்க் குழாயைத் திறந்து காற்று மட்டும் வந்தால் வருமே, அந்த மாதிரி. அவன் ஒரு மனுஷன் என்பதே எனக்கு அந்த நிமிஷம் மறந்துபோனது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். முதுகு ஏறி இறங்கவே இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் இரண்டு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கும் என்பதை இந்நேரம் யாரோ ஒருவர் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கலாம். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

மார்ச் 10, செவ்வாய்

இரவெல்லாம் படித்தது. அமெரிக்காவில் பாலுறவை ஆராய்கிற கின்சி இன்ஸ்டிட்யூட்டில் ஜான் பான்கிராஃப்டும் எரிக் யான்சனும் சொன்ன கணக்கு இது: ஆசைக்கு ஆக்ஸிலரேட்டர் தனி, பிரேக் தனி. ஒன்றை விடுவது இன்னொன்றை அழுத்துவதாகாது. கவலை வந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஆசை குறையும். சிலருக்கு மட்டும் கூடும். அவர்கள் மனநிலையைப் பற்றி நேரடியாகவே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள், அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் அந்தச் சிலரில் ஒருத்தி. இவன் பலரில் ஒருவன். ஒரே பயம்தான், ஒரே படுக்கைதான். எனக்கு ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கிறது, அவனுக்குப் பிரேக்கில்.

அதுவும் ஆணுடம்பில் அந்த ஆரம்பம் ஓய்வு நரம்புகளின் வேலை. மிரண்டிருக்கிற உடம்பை 'எழுந்திரு' என்றால் எப்படி? நான் பாட்டுக்கு ஐந்து நாளாக அவனை மிரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சமாதானம் சொல்கிறேன் என்று நினைப்பான்.

பின்சேர்க்கை, இரவு: நோட்டைப் பார்த்துவிட்டான். எழுத்தைப் படிக்கவில்லை, புள்ளிகளை மட்டும். "இது என்ன, பீரியட் கணக்கா?" இல்லை என்றேன். விரல் வைத்து எண்ணினான். எண்ணி முடித்ததும் சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை.

"மாத்திரை மாதிரி என்னப் போட்டுக்கறியா?"

பதில் சொல்லியிருக்கலாம். தினமும் போட்டும் வலி போகவில்லையே, அது என்ன மாத்திரை என்று. நாக்கு நுனி வரை வந்தது. நல்ல வேளை.

மார்ச் 11, புதன்

பேச்சு இல்லை. சாவி எங்கே, கதவைப் பூட்டினாயா, அவ்வளவுதான்.

ஆண்ட்ரியா மெல்ட்சரும் கூட இருந்தவர்களும் 2017-இல் வெளியிட்டது: புதிதாகக் கல்யாணமான 214 ஜோடிகள், 14 நாள் தினமும் எழுதி வைத்த குறிப்பு (என்னைப் போலவே). ஒரு தடவை உறவு வைத்துக்கொண்டால் அந்த நிறைவு கிட்டத்தட்ட 48 மணி நேரம் நிற்கிறதாம். எனக்கு 48 நிமிஷம் நிற்கிறது. எங்களுக்குப் புதிதும் இல்லை.

இன்னொன்று, இதுதான் குத்தியது. 2015-இல் வெளிவந்தது: கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 64 ஜோடிகளை எடுத்து, பாதிப் பேரிடம் இனி இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மூன்று மாதம். சந்தோஷம் கூடவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் குறைந்தது. ஆசையும் குறைந்தது, ருசியும் குறைந்தது. சொல்லிச் செய்தால் வீட்டுப்பாடம்தானே. அவர்களுக்காவது வெளியே இருந்து யாரோ சொன்னார்கள். இங்கே சொன்னதும் நான், எண்ணியதும் நான், புள்ளி வைத்ததும் நான்.

அதே 2015-இல் ஏமி மியூஸ் என்பவர் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தகவலைப் பார்த்தார். ஜோடியாக இருப்பவர்களுக்கு வாரம் ஒன்று வரை கூடக்கூட மனநிறைவும் கூடுகிறது, அதற்கு மேல் கூடுவதில்லை. அதனால்தான் இது வருகிறது என்று அந்தக் கணக்கு சொல்லவும் இல்லை. நிறைவாக இருப்பவர்கள்தான் வாரம் ஒரு தடவை விளக்கை அணைக்கிறார்களோ என்னவோ.

இது ஒரு வியாதியோ என்ற சந்தேகமும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் கட்டுப்படுத்த முடியாத பாலுறவு நடத்தை என்று ஒரு கோளாறு இருக்கிறது, 2022 முதல் நடைமுறையில் இருக்கிற பட்டியல். ஆனால் ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால்தான் அது. வெறும் குற்ற உணர்ச்சி மட்டும் இருந்தால் கணக்கில் சேராது. என்னுடையதற்கு வயது ஒரு வாரம். அங்கேயும் எனக்கு இடமில்லை.

மார்ச் 12, வியாழன்

ஏழாவது வேலை நாள். காலையிலிருந்து போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள். இன்னும் வரவில்லை. வேறு ஒரு சாயம் போட்டுப் பார்க்க வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை பதினொன்றுக்கு நேரில் வரச் சொன்னார்கள். "ஏன் நேரில்?" என்று கேட்டேன். எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எல்லோரையும்.

வேறு சாயம் ஏன்? முதல் சாயத்தில் தெரியாதது எது? நல்லதாக இருந்தால் முதலிலேயே தெரிந்திருக்குமே. கெட்டதாக இருந்தாலும் முதலிலேயே தெரிந்திருக்குமே. தெரிந்துவிட்டது, எந்த வகை என்றுதான் பார்க்கிறார்களோ. அப்படி இருந்தால் அந்தப் பெண் குரல் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருக்காதா? மெதுவாகத்தான் பேசினாளா? ஞாபகம் இல்லை. திரும்பக் கூப்பிட்டுக் குரலை மட்டும் கேட்க வேண்டும் போலிருந்தது.

இரவு நான் விளக்கைத் தொடவே இல்லை. எரிந்துகொண்டே இருந்தது. இவன் பக்கத்தில் படுத்து என் வலது கையை எடுத்துக்கொண்டான். ஒண்ணும் இருக்காது என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. கட்டைவிரல் மட்டும் என் மணிக்கட்டின் உள்பக்கம், நாடி ஓடுகிற இடத்தில், முன்னும் பின்னும். அவன் கட்டைவிரலில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு உண்டு, சொரசொரவென்று இருக்கும். ஒவ்வொரு தடவையும் அது மட்டும் தனியாகத் தெரிந்தது.

மார்ச் 13, வெள்ளி

ஜேம்ஸ் கோன், 2006. கல்யாணமான 16 பெண்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, காலில் லேசான ஷாக் வரப்போகிறது என்று பயமுறுத்தி மூளையைப் பார்த்தார்கள். கணவன் கையைப் பிடித்திருந்தபோது பயத்துக்கான துடிப்பு அடங்கியது. முன்பின் தெரியாதவர் கையும் கொஞ்சம் உதவியது, கணவன் கை அளவுக்கு இல்லை. உறவு நன்றாக இருக்கிறவர்களுக்கு இன்னும் கூடுதலாக அடங்கியது.

சூரிச்சில் பியாட்டே டிட்சன் செய்ததும் இந்தப் பக்கம்தான். மன அழுத்தப் பரீட்சைக்கு முன்னால் துணைவர் கழுத்தையும் தோளையும் பிடித்துவிட்ட பெண்களுக்குக் கார்டிசால் (அழுத்த ஹார்மோன்) குறைவாக ஏறியது. வாயால் ஆறுதல் சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கு அப்படி ஒன்றும் குறையவில்லை.

இதை மட்டும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப நான் ஒரு வாரமா வீணாக் கத்திட்டு இருந்தேனா?" என்றான். பேசிவிட்டோம். மூன்று நாளுக்கு அப்புறம்.

மார்ச் 14, சனி

இன்று பகலில். யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. திரை விலகியிருந்தது, அணைப்பதற்கு விளக்கே இல்லை.

நடுவில் நிறுத்தி, "இங்க வைக்கட்டுமா?" என்றான். தலையாட்டினேன். உள்ளங்கையை முழுசாக வைத்தான், பச்சையும் மஞ்சளும் கலந்த இடத்தின் மேல். அழுத்தவில்லை. கை சூடாக இருந்தது. லேசாக வலித்தது, எடு என்று சொல்லத் தோன்றவில்லை. தலைக்குள் சத்தம் நிற்கவில்லை இந்தத் தடவை. சாயம், செவ்வாய், பதினொன்று எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவனுக்கும் ஓடிக்கொண்டிருந்தது என்று முகத்தில் தெரிந்தது. கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்புறம் அழுதேன். அவனும். மூக்கைச் சிந்த ஒரே துணி, மாற்றி மாற்றி. கடைசியில் யார் அழுகிறோம் யார் சிரிக்கிறோம் என்றே புரியாமல் போய்விட்டது.

தூக்கம் வரவில்லை. பரவாயில்லை.

மார்ச் 15, ஞாயிறு

புள்ளி வைக்க மறந்துவிட்டேன். இப்போது வைத்தால் பொய்.

மார்ச் 16, திங்கள்

முழுக்க மஞ்சள். இன்னும் நாலு நாளில் தோலில் ஒரு தடயமும் இருக்காது. அது போவதற்குள் தெரிந்துவிடும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதினேன். ஆறு கேள்வி. ஏழாவதாக, 'மருந்து ஆரம்பித்தால் எங்கள் உறவு என்ன ஆகும்?' என்று எழுதி, அடித்துவிட்டேன். ஹார்மோனை அடக்குகிற சில மருந்துகள் வறட்சி கொடுக்கும், ஆசையைத் தின்றுவிடும் என்று எங்கேயோ கண்ணில் பட்டது. (சத்தியத்தை மீறிவிட்டேன், ஒரே ஒரு பக்கம்தான்.) உயிர் பிழைப்பதைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? இன்னும் ஒன்றும் இல்லாததற்கு நான் ஏன் இவ்வளவு தூரம் போகிறேன்? பாதி இல்லாத உடம்போடு நான் அந்தக் கேள்வியைக் கேட்பேனா? நான் கேட்காவிட்டால் இவன் கேட்பானா? பன்னிரண்டு வருஷத்தில் பெரும்பாலும் கேட்டது நான்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. கேட்க ஆள் இல்லாமல் விளக்கு எரிந்துகொண்டே இருக்குமோ என்று

சாயங்காலம் தாளைப் பார்த்தால் அடித்த வரிக்குக் கீழே இவன் கையெழுத்தில் அதே கேள்வி. எழுத்துப் பிழையோடு. 'உரவு' என்று.

மார்ச் 17, செவ்வாய்

முன்பக்கம் பித்தான் வைத்த சட்டை. மணி ஒன்பது. இவன் செருப்பு மாட்டி வாசலில் நிற்கிறான். தாள் அவன் பையில்.